கேள்வி–பதில்: பாயும் பருந்தும் பின்தங்கும் ஃபோகஸும்

ஓடுவதையும் பறப்பதையும் படமெடுக்கும்போது தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் டெலிஜூம் லென்ஸ்களின் தொடர் ஆட்டோஃபோகஸை (நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தானியங்கி ஃபோகஸை) எவ்வளவு நம்பலாம் என்று கேட்டு, பெங்களூரு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அல்சூர் ஏரிக்கரையில் மாலை வேளைகளில் கரும்பருந்துகள் நீரை நோக்கிப் பாய்வதைப் படமெடுத்து வருகிறேன். கேமரா, வந்து சில ஆண்டுகளே ஆன மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத வகை). லென்ஸ் 150-600 மி.மீ., எஃப்/5-6.3 (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறிது). ஒரு தொடரில் முதல் சில படங்கள் கூர்மையாக அமைகின்றன; பருந்து நெருங்க நெருங்கப் படங்கள் மங்கிக்கொண்டே போகின்றன. இதை விற்றுவிட்டு, கேமரா நிறுவனமே தயாரிக்கும் விலை கூடிய லென்ஸை வாங்கும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். குற்றம் லென்ஸுடையதுதானா?
— வாசகர், அல்சூர்

பதில்: விற்கும் முடிவைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மங்கிய படங்களை அழித்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அந்தப் படங்களில்தான் இருக்கிறது.

ஒரு லென்ஸின் ஆட்டோஃபோகஸ் வேகமானது என்று விமர்சனங்களில் எழுதும்போது, அருகிலுள்ள பொருளிலிருந்து தொலைவிலுள்ள பொருளுக்கு அது எவ்வளவு விரைவில் தாவுகிறது என்பதையே பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். தொடர் ஃபோகஸில் நடப்பது வேறு. கேமரா ஒவ்வொரு நொடியிலும் பல முறை தொலைவை அளக்கிறது. சோனி 2017-இல் வெளியிட்ட ஏ9 கேமராவில் இந்தக் கணக்கீடு நொடிக்கு 60 முறையும், 2021-இல் வந்த ஏ1 கேமராவில் 120 முறை வரையும் நடக்கிறது. இந்த அளவுகளைக் கொண்டு, ஷட்டர் திறக்கும் கணத்தில் பருந்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதியை அதற்குரிய இடத்துக்கு நகர்த்துமாறு கேமரா கட்டளையிடுகிறது. மோட்டார் அந்தக் கட்டளையை ஏற்று நகர்ந்து, குறித்த இடத்தில் அதிராமல் நின்று, உடனே அடுத்த கட்டளைக்கும் ஆயத்தமாக வேண்டும். ஒரே பெருந்தாவலில் அசத்தும் லென்ஸ் இந்த ஓயாத சிறு நகர்வுகளில் தடுமாறுவதும், தாவலில் மந்தமாகத் தோன்றும் லென்ஸ் ஒரு முறை பிடித்துவிட்டால் விடாமல் பின்தொடர்வதும் உண்டு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது குணம். விளம்பரத் தாளில் அதைத் தேடிப் பயனில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள உணரி கொண்டது) 600 மி.மீ., எஃப்/6.3 என்ற நிலையில் 20 மீட்டர் தொலைவில் கூர்மையாகத் தெரியும் ஆழம், வழக்கமான அளவுகோலின்படி, முன்னும் பின்னுமாகச் சேர்த்தே ஏறத்தாழ 42 செ.மீ. மட்டுமே; திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அதிலும் குறைவு. பருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது, நீங்கள் நொடிக்கு 10 படங்கள் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது ஒரு மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதாவது கூர்மையான அந்தப் பட்டையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான தூரம். அதே பறவை 40 மீட்டரில் இருக்கும்போது ஆழம் நான்கு மடங்காகி 1.7 மீட்டரை எட்டுவதால், லென்ஸின் சிறு பிழைகள் கண்ணுக்குப் படாமல் மறைந்துவிடுகின்றன. முதலில் நன்றாக வந்து பிறகு மங்குவதன் அடிப்படைக் காரணம் இதுதான். எந்த விலையுள்ள லென்ஸுக்கும் இதில் விலக்கில்லை. எந்த இடத்தில் தோற்கத் தொடங்குகிறது என்பதில்தான் லென்ஸுக்கு லென்ஸ் வேறுபாடு.

இனி மங்கிய படங்களை எடுத்த வரிசையிலேயே திறந்து பாருங்கள். நீர்ப்பரப்பின் மேல் எடுப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பருந்து தாழ இறங்கிவிட்ட படங்களில், கீழே உள்ள சிற்றலைகளில் ஏதோ ஒரு பட்டை மட்டும் கூர்மையாகத் தெரியும். ஃபோகஸ் உண்மையில் எங்கே நின்றது என்பதை அந்தப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும். கூர்மையான அலைகள் பறவைக்குப் பின்னால் இருந்து, அந்த இடைவெளி படத்துக்குப் படம் கூடிக்கொண்டே போனால், லென்ஸ் பின்தங்குகிறது என்று பொருள். வானம் மட்டுமே பின்னணியாக உள்ள படங்களில் அலகையும் வாலையும் ஒப்பிடுங்கள்: எதிரே வரும் பறவையின் வால் கூர்மையாகவும் அலகு மங்கலாகவும் இருந்தால் அதுவும் பின்தங்கலே. பக்கவாட்டில் சரிந்து திரும்பும் பருந்தின் இறக்கை நுனி மட்டும் கூர்மையாக இருந்தால், கேமரா கண்ணை விட்டுவிட்டு இறக்கையைப் பிடித்திருக்கிறது. கரும்பருந்தின் இறக்கை விரிப்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் என்பதால் இந்தத் தவறு ஒன்றே படத்தைக் கெடுக்கப் போதும்.

அக்கரைக் கட்டடங்கள் கூர்மையாகத் தெரிந்தால், பறவை ஃபோகஸ் பகுதியை விட்டு நழுவியிருக்கிறது. லென்ஸைக் குறை சொல்வதற்கில்லை. ஓரங்கள் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பாய்ச்சலுக்கு 1/2500 நொடியாவது வையுங்கள். எந்தப் பகுதியும் கூர்மையாக இல்லாமல், இறகுகள் நெளிந்தாற்போலத் தோன்றி, அந்த நெளிவும் படத்துக்குப் படம் மாறினால், சூடான தரையிலிருந்து எழும் காற்றின் வேலை அது. 600 மி.மீ. லென்ஸை வெயில் ஏறிய பிறகு கான்கிரீட் கரையின் மேல் நீட்டும் எவருக்கும் இது நேரும்.

பின்தங்கல்தான் என்று உறுதியானாலும் விற்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. லென்ஸின் பக்கத்தில் தொலைவு வரம்புப் பொத்தான் இருந்தால், அருகிலுள்ள தொலைவுகளைத் தேடாதபடி அதைத் தள்ளி வையுங்கள். பிடி தவறும்போது லென்ஸ் தன் முழு வீச்சையும் ஒரு முறை ஓடித் திரும்பும் வீண் வேலை இதனால் குறையும். லென்ஸின் ஃபர்ம்வேர் (அதன் உள்ளே இயங்கும் மென்பொருள்) அண்மையதா என்று பாருங்கள். தொடர் ஃபோகஸைத் திருத்துவதற்கென்றே நிறுவனங்கள் அவ்வப்போது புதிய பதிப்பு வெளியிடுகின்றன. டிஎஸ்எல்ஆருக்கென (உள்ளே ஆடி உள்ள பழைய வகைக் கேமராவுக்கென) வடிவமைத்த லென்ஸை அடாப்டர் வழியாகப் பூட்டியிருக்கிறீர்கள் என்றால், வேறு எதையும் ஐயப்படுவதற்கு முன் அந்த இணைப்பை ஐயப்படுங்கள்.

பிறகு ஒரு சோதனை. போக்குவரத்தில்லாத நேரான பாதை ஒன்றில், வீட்டுப் பிள்ளை ஒருவரை மிதிவண்டியில் உங்களை நோக்கி வரச் சொல்லுங்கள். அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, ஷட்டரை 1/2000 நொடியில் வைத்து, வண்டியின் கைப்பிடியைக் குறிவைத்து இடைவிடாமல் எடுங்கள். மிதிவண்டியின் வேகம் சீரானது, பாதை நேரானது. இதிலேயே பின்தங்கும் லென்ஸ் பருந்தைத் துரத்தாது. நண்பர்கள் சொல்லும் லென்ஸை நம் ஊர் வாடகைக் கடை ஒன்றில் ஒரு நாளுக்கு எடுத்து, அதே பாதையில், அதே பிள்ளையைக் கொண்டு, அதே அமைப்பில் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். வாடகைப் பணம் விற்பனை நட்டத்தைவிட மிகக் குறைவு.

கேள்வி: கௌதமபுரத்துச் சிறுவர்கள் ஆடும் கால்பந்துப் போட்டிகளை 70-200 மி.மீ., எஃப்/2.8 லென்ஸில் எடுக்கிறேன். முன்கள ஆட்டக்காரர் கோலை நோக்கி ஓடிவரும்போது, கம்பத்தருகே உட்கார்ந்திருக்கும் எனக்கு மிக நெருக்கத்தில் வந்ததும் ஃபோகஸ் தவறுகிறது. குறுக்கே வேறொருவர் ஓடினால் அவர்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. எதை மாற்றுவது?
— வாசகர், கௌதமபுரம்

பதில்: பெலேவுக்குச் சிலை வைத்த ஊர்க்காரர் கேட்கும் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். உங்களுடையவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

நெருக்கத்தில் தவறுவது ஒளியியல் தரும் தொல்லை. 200 மி.மீ. குவிதூரத்தில், எளிய லென்ஸ் ஒன்றின் கணக்குப்படி, ஆட்டக்காரர் 50 மீட்டரிலிருந்து 49 மீட்டருக்கு வரும்போது ஃபோகஸ் நகர வேண்டிய அளவு 0.02 மி.மீ.க்கும் குறைவு, அவரே 6 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு வரும்போது 1.4 மி.மீ.க்கு மேல். அவர் எடுத்துவைத்தது அதே ஒரு மீட்டர்தான் என்றாலும் லென்ஸ் செய்ய வேண்டிய வேலை எண்பது மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இன்றைய லென்ஸ்களுக்குள் நகரும் தொகுதியின் அமைப்பு இதிலிருந்து மாறுபட்டாலும், நெருங்க நெருங்க வேலை ஏறும் போக்கு மாறுவதில்லை. அதே வேளையில் எஃப்/2.8-இல் கூர்மையின் ஆழம் 15 மீட்டரில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, 6 மீட்டரில் 15 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே கம்பத்தருகிலிருந்து மூலைக்கொடி பக்கமாகச் சில மீட்டர் விலகி உட்காருங்கள். ஓட்டம் நேர்எதிராக வராமல் சாய்வாக அமைவதால் தொலைவு மாறும் வேகம் குறையும், முகபாவனையும் கெடாது. பகல் வெளிச்சத்தில் எஃப்/4 வைப்பதில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. பின்னணி முழுவதும் கரைந்தால்தான் விளையாட்டுப் படம் என்ற எண்ணம் இப்போது சற்று மிகையாகப் பரவிவிட்டது.

குறுக்கே ஓடுபவர்மேல் தாவுவது அமைப்பால் வருவது. ஏதாவது இடைமறித்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதைக் கேமராவிடம் சொல்லிவைக்க முடியும். ஆனால் எண்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சோனியில் 1 என்பது விடாப்பிடி, 5 என்பது உடனே தாவுவது. நிக்கானில் 1 என்பது உடனே தாவுவது, 5 என்பது பொறுத்திருப்பது. கேனானில் கழித்தல் குறி விடாப்பிடியையும் கூட்டல் குறி தாவலையும் குறிக்கும். இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை வேறு நிறுவனக் கேமராவில் வைத்துவிட்டு லென்ஸை ஏசுபவர்கள் உண்டு. கால்பந்துக்கு விடாப்பிடிப் பக்கம் ஒரு படி தள்ளி வைப்பது பெரும்பாலும் போதும். கடைசி எல்லைக்குத் தள்ளினால், தொடக்கத்தில் தவறான ஆளைப் பிடித்துவிட்ட கேமரா அவரையும் விடாது.

இன்னொன்று. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களில் உணரியின் மேலுள்ள ஃபோகஸ் புள்ளிகள் ஒரே திசையில் மட்டுமே வேறுபாட்டை அறிகின்றன. நிலைக்கோடுகளை எளிதில் பிடிக்கும் அவை, கிடைக்கோடுகள் மட்டுமே உள்ள பரப்பில் திணறும். கிடைக்கோட்டுச் சட்டை அணிந்த அணி ஆடும் நாளில் மட்டும் உங்கள் லென்ஸ் மோசமாகிவிடுவதாகத் தோன்றினால், கேமராவைச் சிறிது சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அல்லது சட்டையை விட்டு முகத்தைக் குறிவையுங்கள். இரு திசைகளையும் அறியும் புள்ளிகள் கேனான் 2024-இல் வெளியிட்ட ஆர்1 போன்ற மிகச் சில கேமராக்களிலேயே உள்ளன.

கேள்வி: டெலிஜூம் வாங்கும்போது கேமரா நிறுவனத்தின் சொந்த லென்ஸையே வாங்க வேண்டுமா? டாம்ரான், சிக்மா லென்ஸ்களின் தொடர் ஃபோகஸை நம்பலாமா? பின்தொடர்ந்துகொண்டே ஜூம் செய்தால் ஃபோகஸ் போய்விடுகிறது என்கிறார்களே?
— வாசகி, ஜெயநகர்

பதில்: பிற நிறுவன லென்ஸ் என்றாலே மட்டம் என்ற காலம் போய்விட்டது. கேனான் 1987-இல் 300 மி.மீ., எஃப்/2.8 லென்ஸில் அல்ட்ராசோனிக் மோட்டாரை வைத்தபோது கிடைத்த முன்னிலை, எல்லாரும் நேர்கோட்டு மோட்டார்களுக்கு மாறிய பின் அவ்வளவாக இல்லை. டாம்ரான் விஎக்ஸ்டி என்றும், சிக்மா எச்எல்ஏ என்றும் பெயரிட்டுள்ள மோட்டார்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. பல்சக்கரங்களின் துணையின்றிக் கண்ணாடித் தொகுதியை நேரடியாக நகர்த்துவதால், சிறு நகர்வுகளில் தயக்கம் குறைவு.

ஆனாலும் ஒரு வேறுபாடு நிற்கிறது. சோனியின் ஏ9, ஏ1 வரிசைக் கேமராக்களில் பிற நிறுவன லென்ஸைப் பூட்டினால், தொடர் வேகம் நொடிக்கு 15 படங்களோடு நின்றுவிடும். சொந்த லென்ஸ்களில் பொருத்தமானவற்றுக்கு மட்டுமே 20, 30 என்ற வேகங்கள் கிடைக்கும். நொடிக்கு 10 படம் எடுக்கும் நடுத்தரக் கேமரா வைத்திருப்பவருக்கு இந்த வரம்பால் இழப்பு ஏதுமில்லை. ஆகவே கேள்வியை லென்ஸிலிருந்து தொடங்காமல், கையில் உள்ள கேமராவிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கருத்து.

ஜூம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஒளிப்படத்துக்கான ஜூம் லென்ஸ்களில் பெரும்பாலானவை குவிதூரம் மாறும்போது ஃபோகஸையும் இழப்பவை. கேமராவும் லென்ஸும் கலந்து அதை உடனுக்குடன் ஈடுசெய்கின்றன. பொருளும் நகர்ந்து, நீங்களும் வளையத்தைத் திருப்பினால் இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தும் சுமை ஏறுகிறது. இங்கே குழலின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. 2019-இல் வந்த சோனி 200-600 மி.மீ. லென்ஸிலும், 2023-இல் வந்த நிக்கான் இசட் 180-600 மி.மீ. லென்ஸிலும் ஜூம் செய்யும்போது குழல் நீளாது. சமநிலை மாறாததால் பறவை காட்சியை விட்டு விலகுவது குறையும். கேனானின் ஆர்எஃப் 100-500 மி.மீ. நீளும் வகை, ஆனால் அது மிக இலேசானது, பையிலும் அடங்கும். நாள் முழுவதும் தோளில் சுமந்து திரிய வேண்டியவர்களுக்கு நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எந்த லென்ஸானாலும் முதலில் ஜூமை முடித்துக்கொண்டு, பிறகு தொடர் எடுக்கும் பழக்கம் நல்லது.

கேள்வி: பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆரில் 200-500 மி.மீ., எஃப்/5.6 லென்ஸுடன் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (குவிதூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) சேர்த்துக் கொக்கரே பெள்ளூரில் மஞ்சள்மூக்கு நாரைகளை எடுத்தேன். உட்கார்ந்திருப்பவை நன்றாக வந்தன. பறப்பவை எல்லாம் பாழ். ஏன்?
— வாசகர், ஜாலஹள்ளி

பதில்: கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதி வெளிச்சத்தை, விழுங்கிவிட்டதால் உங்கள் லென்ஸ் 700 மி.மீ., எஃப்/8 ஆகிவிட்டது. டிஎஸ்எல்ஆரின் தனி ஃபோகஸ் உணரியில் உள்ள புள்ளிகளில் பெரும்பாலானவை எஃப்/5.6 வரைதான் ஒழுங்காக வேலை செய்யும்; எஃப்/8-இல் நடுவிலுள்ள மிகச் சிலவே மிஞ்சும், சில பழைய மாடல்களில் அவையும் இல்லை. நாரை நடுப்புள்ளியை விட்டு விலகிய கணமே பிடி போய்விடுகிறது. பறக்கும் பறவைகளுக்குக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, 500 மி.மீ.-இல் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேகமான ஷட்டரில் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டால் ஃபோகஸ் மேம்படுமா?
— வாசகர், பிரேசர் டவுன்

பதில்: 1/2000 நொடியில் கை நடுக்கத்தால் படம் கெடுவது அரிது, அந்த வகையில் தடுப்பு தேவையில்லை. ஆனால் அது வ்யூஃபைண்டரில் தெரியும் காட்சியையும் நிலைநிறுத்துகிறது. காட்சி நின்றால்தான் ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் மேல் வைத்திருக்க முடியும். பக்கவாட்டு வீச்சுக்கான இரண்டாம் நிலையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: எலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சியில் விமானங்களை எடுக்கும்போது ஃபோகஸ் அலைபாய்கிறது. ஹெலிகாப்டர்களை எடுத்தால் எல்லாமே மங்கல். அமைப்பு என்ன வைக்கலாம்?
— வாசகர், எலஹங்கா

பதில்: பிப்ரவரி மாதத்துத் தெளிவான வானத்தில் ஃபோகஸ் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. விமானம் சிறு புள்ளியாக இருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் லென்ஸ் முழு வீச்சும் ஓடித் தேடும். தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றில் முதலில் ஃபோகஸ் செய்து வைத்துக்கொண்டு, விமானம் காட்சியில் ஓரளவு நிறைந்ததும் தொடங்குங்கள். ஒற்றைப் புள்ளியைவிடச் சற்று அகன்ற பகுதி இங்கே பொருந்தும். பின்னணியில் வானத்தைத் தவிர எதுவும் இல்லாததால் தவறாகத் தாவ வழியில்லை. விமானப்படையின் சாகச அணியான சூர்யகிரணின் ஹாக் விமானங்கள் எவ்வளவு வேகமாகத் தோன்றினாலும், தொலைவு மிகுதி என்பதால் லென்ஸுக்கு அவை பருந்தைவிட எளிய இலக்கு. உச்சி வெயிலில் ஓடுபாதையில் நிற்கும் விமானங்களை எடுப்பதுதான் கடினம். அங்கே காற்றின் நெளிவைத் தவிர்க்கக் காலையிலேயே போக வேண்டும்.

ஹெலிகாப்டர் படங்கள் மங்குவதற்குக் காரணம் ஃபோகஸ் அல்ல என்றே நினைக்கிறேன். சுழலும் இறக்கைகள் உறைந்து நிற்காதபடி 1/160 நொடி போன்ற மெதுவான ஷட்டரை வைத்திருப்பீர்கள். அந்த வேகத்தில் 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்துப் பின்தொடர்வதற்கு நல்ல பயிற்சி வேண்டும். முதலில் 1/500 நொடியில் விமானப்படையின் சாரங் சாகச அணியின் துருவ் ஹெலிகாப்டர்களை எடுத்துக் கூர்மையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது சரியாக இருந்தால் 1/320, 1/250 என்று படிப்படியாக இறங்குங்கள். கூர்மை குலையும் படியிலிருந்து ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்ளுங்கள்.